என் வீட்டில் வைத்த பூ

லாபிஸில் தேன்மொழியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "அந்த டிம்பாங் பொண்ணா? அதுகிட்ட வாய் கொடுத்து மீள முடியாது லா" என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி! பதினெட்டு வருஷமாக அடுத்த வீட்டில் இருப்பவள் நான். அவர்கள் வீட்டில் மிளகாய் வதக்கினால் எனக்குத் தும்மல் வரும். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் உரிமை. சொல்லியே ஆகவேண்டிய பொறுப்பும் என் தலையில்தான் இருக்கிறது. அது ஏன் என்பதை நானே சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

என் பெயர் கமலாம்பிகை. நில அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கு வந்தவர். அதனால் இந்தத் தாமான் குடியிருப்பில் என் பேச்சைக் கேட்டு இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த வீட்டு ஐயாசாமி தோட்டத்தில் லோரி ஓட்டியவர். மனைவி ராஜம்மா. இரண்டு பெண்கள். மூத்தவள் தேன்மொழி சாஆ ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் செம்பனை ஆலையில் எடை மேடையில் வேலை செய்கிறாள். அதைத்தான் ஊரில் டிம்பாங் என்கிறார்கள். பழக்குலையோடு லோரி மேடையில் ஏறும், அவள் எடையைக் குறிப்பாள். கொட்டிவிட்டுக் காலியாக வரும், மறுபடி குறிப்பாள். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. அதனாலோ என்னவோ, 'சுமார்' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சுமார் பத்து மணிக்கு வாறன் பிள்ளை" என்று ஒருநாள் சொல்லிவிட்டு பத்தேகாலுக்குப் போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைநாள் பேசவில்லை.

இளையவள் லோஷினி. அக்காவைவிட நாலு வயது சின்னவள், பட்டணத்தில் பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். அழகி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பல்வலியே இல்லாத ஆண்பிள்ளைகள்கூட அந்தக் கிளினிக்குக்குப் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவார்கள். தேன்மொழியும் பார்க்க லட்சணமானவள்தான். ஆனால் தங்கச்சி பக்கத்தில் நிற்கும்போது அவளை ஒருவரும் பார்ப்பதில்லை. சின்ன வயதிலிருந்து அவளுக்கு இது ஒரு வயிற்றெரிச்சல். லோஷினிக்கு வேறு வயிற்றெரிச்சல். எந்தச் சண்டையாக இருந்தாலும், "அக்கா சொன்னா கேளு" என்றுதான் ராஜம்மா தீர்ப்புச் சொல்வாள்.

தேன்மொழிக்கு இருபத்தேழு வயதில் லெட்சுமணன் என்று ஒரு லோரி டிரைவர்மேல் மனசு போனது. அவனும் தினம் ஒரு பொட்டலம் வாழைப்பழ பஜ்ஜி வாங்கி எடை மேடை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவான். பேசலாம் என்று ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தது லோஷினி. அவ்வளவுதான், மறுநாளிலிருந்து பஜ்ஜி வந்ததோ இல்லையோ, "தங்கச்சி நல்லாருக்கா?" என்ற விசாரணை வந்தது. தேன்மொழி பழிக்குப் பழியாக எடையைக் குறைத்து எழுதினாளா? மாட்டாள். தலையே போனாலும் எடையில் கைவைக்க மாட்டாள். லெட்சுமணன் வந்தால் மட்டும், டிரைவரின் எடையும் சேர்ந்துவிடுகிறது என்று சொல்லி, அவனை ஒவ்வொரு தடவையும் லோரியிலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்தினாள். மூன்று மாதத்தில் அவன் வேறு ஆலைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் ராஜம்மா அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தாள். மூத்தவளைப் பெண் பார்க்க வரும் நாளில் இளையவள் கண்ணில் படக்கூடாது. எத்தனையோ வீடுகளில் செய்வதுதான். லோஷினியை எங்கே ஒளித்து வைப்பது? என் வீட்டில்! பதினோரு தடவை பெண் பார்க்க வந்தார்கள், பதினோரு தடவையும் அவள் என் வீட்டில் கிடந்தாள். என் பிஸ்கட் டின்னைக் காலி செய்வாள், என் திரைச்சீலையைக் குறை சொல்வாள். "நான் என்ன ஆன்டி, திருட்டுச் சாமானா? ஒளிச்சி ஒளிச்சி வெக்கறாங்க" என்று புலம்புவாள். சுவருக்கு அந்தப் பக்கம் தேன்மொழி புடவை கட்டிக்கொண்டு தட்டோடு நிற்பாள். பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஏழாவது மாப்பிள்ளைக்குப் பிறகு தேன்மொழி தன் படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "பாக்கணும்னா நேர்ல வரட்டும். இல்லாட்டி போகட்டும்."

பன்னிரண்டாவது மாப்பிள்ளை ரூபேந்திரன். பெக்கோக் பையன், ரயில் பாதையில் சிக்னல் பார்க்கும் டெக்னிசியன், தேன்மொழியைவிட ஒரு வயது பெரியவன். தரகர் மணியம் இரண்டு வீட்டுக்கும், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணிவரை ராகு காலம். ராஜம்மா என்ன நினைத்தாள்? ராகு காலம் கழிந்து ஆறு மணிக்குமேல் வருவார்கள் என்று. மாப்பிள்ளையின் அம்மா என்ன நினைத்தார்? ராகு காலம் வருவதற்குள் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும் என்று. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்ள இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவர்களைக் கட்டி வைத்து உதைக்கவேண்டும்.

மூன்று மணிக்கு என் வாசலில் கார் வந்து நின்றது. 'நீல கேட் வீடு' என்று மணியம் அடையாளம் சொல்லியிருக்கிறார். ஐயாசாமி தன் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தை வீணாக்காமல் என் கேட்டுக்கும் அடித்திருந்தார். அந்த நேரத்தில் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. தேன்மொழியை சிகாமட்டில் அழகு நிலையத்திலிருந்து கூட்டிவர ஐயாசாமியும் ராஜம்மாவும் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டு கேஸ் தோம்பு தீர்ந்துபோனதால் கேசரி என் குசினியில் கிண்டப்பட்டுக்கொண்டிருந்தது. கிண்டியது லோஷினி. நெய் வாசனை தெரு முழுக்க. வந்தவர்களுக்குச் சந்தேகம் வர இடம் எங்கே இருக்கிறது?

"பொண்ணு வீடு இதானே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வாங்கோ, இருங்கோ" என்றேன். வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் வேறு என்ன சொல்வது? உட்கார வைத்துவிட்டு ராஜம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். லோஷினி ஒரு வார்த்தை பேசாமல் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ரூபேந்திரன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியோடு வெளியே வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, "இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு வந்துடும், பூவ வெச்சிட்டுக் கிளம்பிடறோம்" என்று லோஷினியின் தலையில் வைத்துவிட்டார். பூ வைத்தாகிவிட்டது என்றால் பேச்சு முடிந்தது. இப்படித்தான் நடந்தது என்று இரண்டு வருஷமாக நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

நாலேகாலுக்கு அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஐயாசாமியின் கார் வந்தது. தேன்மொழி இறங்கினாள். பச்சைப் பட்டு, முகத்துக்கு மேக்கப், அழகு நிலையத்தில் மூன்று மணி நேரம் போட்ட கொண்டை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு அவள் ராணிமாதிரி இருந்தாள். குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த ரூபேந்திரன் நிமிர்ந்து பார்த்தான். பெண்வீட்டுச் சொந்தக்காரர் யாரோ என்று நினைத்துக் கைகூப்பி, "வணக்கம் க்கா" என்றான்.

அப்போது தேன்மொழியின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அதன்பிறகு என் வாசலில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. விஷயம் புரிந்ததும் ராஜம்மா, "அலமாக்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து லோஷினியின் தலையிலிருந்த பூவைப் பிடுங்கி தேன்மொழிக்கு வைக்கப் போனாள். மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வெச்ச பூவ எடுக்கறதா? எங்க குடும்பத்துல அப்படி ஒரு பழக்கமே கிடையாது!" ஐயாசாமி மணியத்துக்கு ஃபோன் போட்டார். மணியம் மூன்று நாள் ஃபோனை அணைத்து வைத்திருந்தார். ரூபேந்திரன் வியர்த்து ஊற்ற நின்று, "எனக்கு இவங்கள புடிச்சிருக்குங்க" என்று லோஷினியைக் காட்டினான். லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் பிடித்திருந்தது, அது குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

தேன்மொழி தங்கச்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள். "ஆன்டி, நீங்க சொல்லுங்க. இது அக்காவுக்கு வந்த இடம்னு அவ சொன்னாளா, இல்லையா?"

"எனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்? நான் குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மூத்தவளுக்கு ஆனப்பறம்தானே இளையவளுக்கு? அதானே இந்த வீட்டுச் சட்டம்? சரி. மூத்தவளுக்கு ஆகாது."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ராஜம்மா மூத்தவள் இருக்க இளையவளுக்குத் தாலி கட்ட ஒத்துக்கொள்ள மாட்டாள். லோஷினிக்கும் ரூபேந்திரனுக்கும் கல்யாணம் நடக்கவேண்டுமானால் தேன்மொழிக்கு முதலில் நடக்கவேண்டும். தேன்மொழியோ மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆகவே லோஷினியே அக்காவுக்கு மாப்பிள்ளை தேட இறங்கினாள். உலகத்தில் இப்படி ஒரு தங்கச்சி உண்டா? கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடமெல்லாம், "உங்க வீட்டுல கல்யாணம் ஆகாத அண்ணன் இருக்காங்களா?" என்று கேட்டாள். அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? தலையை ஆட்டினவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பினாள்.

தேன்மொழி வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரட்டும் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை, லோஷினி என் வீட்டில் ஒளிந்திருக்கவேண்டும். அதுவும் முன்பு போலக் கூடத்தில் இல்லை, பின்பக்கத்துச் சாமான் அறையில். வெளியே பூட்டு. சாவி தேன்மொழியின் இடுப்பில். தங்கச்சியின் படங்களைச் சுவரிலிருந்து கழற்றினாள், செருப்புகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இவ்வளவும் செய்துவிட்டு, வந்தவனை உட்கார வைத்து விரட்டினாள்.

சாஆவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். தங்கமான மனுஷன். "சுமார் பதினஞ்சு வருஷமா வேலை செய்றேன்" என்றார். "சுமார்னா? வேலைக்குச் சேர்ந்த தேதி உங்களுக்கே தெரியாதா?" என்று தேன்மொழி ஆரம்பித்தாள். அவர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார். அடுத்து பெக்கோக்கிலிருந்து டுரியான் தோட்டக்காரர் குணாளன் ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். "இருபது கிலோ இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னார். தேன்மொழி உள்ளே போய் தராசைக் கொண்டுவந்தாள். பதினாறு கிலோ நானூறு கிராம். "இப்பவே மூணு கிலோ அறுநூறு பொய்" என்றாள். அந்த மனுஷன் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். பழம் நல்ல பழம். லோஷினியைச் சாமான் அறையிலிருந்து திறந்துவிட்டபோது வாசனையைப் பிடித்துக்கொண்டு நேரே கூடைக்குத்தான் வந்தாள். அக்காவும் தங்கச்சியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஆளுக்கு நாலு பழம் தின்றார்கள்.

தைப்பூசத்தன்று ஊரே பார்த்தது. லோஷினி நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து அக்காவுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று பால்குடம் எடுத்தாள். கோயில் செயலாளர் காளியப்பன் மைக்கில் ஒவ்வொருவர் பெயரையும் வேண்டுதலையும் படிப்பார். "லோஷினி ஐயாசாமி, அக்காவின் திருமணம் இனிதே நடைபெற" என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்குக்கூடக் கண் கலங்கியது. அடுத்த நிமிஷம் பார்த்தால், மஞ்சள் புடவையில் தலையில் பால்குடத்தோடு தேன்மொழி! அவளும் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சைவச் சமையல் செய்திருக்கிறாள் ராஜம்மா, யாருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்கவே இல்லை.

காளியப்பன் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னாம்மா இது, இப்படியெல்லாம் மைக்ல படிக்க முடியாது லா."

"எழுதினத படிங்கண்ணே."

"தேன்மொழி ஐயாசாமி... திருமணம்... நடைபெறாமல் இருக்க" என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஊர்வலம் கிளம்பியது. முதலில் போய்ச் சேருகிறவரின் வேண்டுதலைத்தான் முருகன் முதலில் கேட்பார் என்று இரண்டு பேருக்கும் யார் சொன்னார்களோ தெரியாது. லோஷினி ஒரு எட்டு வேகமாக வைத்தால் தேன்மொழி இரண்டு எட்டு வைத்தாள். ரயில் கேட் தாண்டும்போது கிட்டத்தட்ட ஓடினார்கள். நான் குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். எனக்கு அறுபத்தாறு வயது, முழங்காலில் தேய்மானம்! "மெதுவாப் போங்கோடி, முருகன் எங்கயும் ஓடிப்போயிடமாட்டார்!" என்று கத்தினேன். காவடி தூக்கினவர்கள் இவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சன்னதிக்கு வந்து சேர்ந்தார்கள். குருக்கள் இரண்டு குடத்தையும் வாங்கி ஒரே அண்டாவில் ஊற்றினார். தேன்மொழிக்கு முகம் விழுந்துவிட்டது. "சாமி, ரெண்டும் கலந்துடுச்சே!"

"எல்லாரோடதும் ஒரே அண்டாலதான்மா."

"என்னுது மூணு லிட்டர். அவளுது ரெண்டரைதான். அத கொஞ்சம் சாமிகிட்ட சொல்லிடுங்க."

ஊர் சிரித்து ஓய ஒரு மாதம் ஆனது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று கோயில் மண்டபத்தில் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தேன்மொழி என்னிடம் சொன்னதைக் கேட்டபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு அந்த ஆளு வேணாம் ஆன்டி. அவர் என்ன பாக்கவே இல்ல, அதனால அவர்மேல ஒண்ணுமில்ல. என்னைவிட ஒரு வயசு பெரியவரு, என்னை அக்கான்னாரு, அதையும் விட்டுடலாம். இவளுக்குத் தெரியுமில்ல? பதினோரு தடவ நான் தட்டத் தூக்கிட்டு நின்னது இவளுக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்த, 'அக்காவுக்கு வந்தவங்க நீங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ரூபேந்திரன் பாவம். பெண் வீட்டுக்கு வரக்கூடாது என்று தேன்மொழி தடை போட்டிருந்ததால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருவான். என் காற்றாடி, குழாய், வாசல் மணி எல்லாம் பழுது பார்த்துக் கொடுத்தான். லோஷினி கொல்லைப்புறமாக வந்து பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவாள். இந்த ஆனி மாதம் வந்தபோது அவன் குழாயைத் தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஆன்டி, அம்மா முடிவா சொல்லிட்டாங்க. வர்ற ஆவணிக்குள்ள நடக்கலன்னா, வெச்ச பூவுக்கு முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேற இடம் பாக்கறாங்களாம். எனக்கு முப்பத்தஞ்சு ஆவுது. அவங்களையும் ஒண்ணும் சொல்ல முடியல."

லோஷினி கதவோரம் நின்று முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்துத்தான் அழுதாள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் என்னை எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கத்திச் சமாளித்திருப்பேன்.

மேலே எழுதினேனே, ராஜம்மாவுக்கு ஃபோன் போட்டேன் என்று. அது பொய். நான் ஃபோனைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை என் சின்னக் காரை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை. முன்னால் போன லோரியின் பின்னாலேயே போனேன். அது எடை மேடையில் ஏறி இறங்கியது. நானும் ஏறினேன். ஜன்னலுக்குப் பின்னால் தேன்மொழி. ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"ஆன்டி? இங்க என்ன பண்றீங்க? இறங்குங்க, இது டிம்பாங்!"

"இறங்கமாட்டன். உன்னோட பேசவேணும்."

"பின்னால ஆறு லோரி நிக்குது ஆன்டி!"

"நிக்கட்டும்."

பின்னால் ஹாரன் அலறியது. தேன்மொழி பழக்க தோஷத்தில் என் காரின் எடையை அச்சடித்துச் சீட்டை நீட்டினாள். எழுநூற்று எண்பது கிலோ. பக்கத்துத் தூணில் டிரைவர்கள் பேசுவதற்கு ஒரு சின்ன மைக் இருந்தது. எனக்கு அது வெளியேயும் கேட்கும் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் பேசியிருப்பேன்.

"அண்டைக்கு லோஷினி சொன்னவள்" என்றேன். "ஒருதரம் இல்லை, மூண்டுதரம். கார் வந்து நிண்ட உடனே குசினிக்குள்ள வந்து, 'ஆன்டி, இது அக்காவுக்கு வந்தவங்க, போய்ச் சொல்லுங்க'ண்டாள். நான் 'பொறு'ண்டன். அவளே சொல்லப் போனாள். நான் கையைப் பிடிச்சு இழுத்து, தட்டைக் குடுத்து அனுப்பினன். பூவை எடுத்த நேரம் அவள் 'ஆன்டி'ண்டு கூப்பிட்டவள். நான் பேசாமல் இருந்தன்."

ஹாரன்கள் நின்றுவிட்டன. இரண்டு டிரைவர்கள் இறங்கி வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்?" என்றது ஒலிபெருக்கி.

"அந்த மனுசி என்னைப் பார்த்து, 'நீங்கதான் பொண்ணோட அம்மாவா?' எண்டு கேட்டா. என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை, பிள்ளை. இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஒரு மணித்தியாலம்... ஒரு மணித்தியாலம் அம்மாவா இருந்துபோட்டு, பிறகு சொல்லிச் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன். அதுக்குள்ள பூ வைச்சிட்டினம்."

"அட, அப்ப தங்கச்சி மேல தப்பே இல்லையா?" என்றார் ஒரு டிரைவர், பக்கத்தில் நின்றவரிடம்.

ஜன்னலுக்குப் பின்னால் தேன்மொழி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம்.

"அவ என் கால புடிச்சி அழுதா ஆன்டி. 'சொன்னேங்க்கா, மூணு தடவ சொன்னேன், ஆன்டிகிட்ட கேளு'ன்னு அழுதா. அதனாலதான் திரும்ப வந்து உங்கள தனியா கேட்டேன். ஞாபகம் இருக்கா? தெரியாதுன்னீங்க. உங்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு உங்கள நம்பினேன். கூடப்பொறந்தவள நம்பல. ரெண்டு வருஷம் அவள திருடின்னு கூப்பிட்டேன், ஆன்டி."

எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் இரண்டாவது முறை வந்து கேட்டதை இதுவரை உங்களிடம்கூட நான் சொல்லவில்லை.

"இறங்குங்க" என்றாள். "லோரி நிக்குது."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு அழுகை கேட்டது, பிறகு இரண்டு அழுகை. பிறகு, "நீ என்னைய பூட்டி வெச்சே, பூட்டி வெச்சே!" என்று லோஷினி எதையோ வைத்து அடிக்கிற சத்தம். தலையணையாக இருக்கவேண்டும். அதன் பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். நான் சுவரோரம் நின்றேன். யாராவது "ஆன்டி" என்று கூப்பிடுவார்கள் என்று நின்றேன்.

ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். மூத்தவள் இருக்கும்போது எப்படி என்று ராஜம்மா ஒரு மூச்சு அழுதாள். தேன்மொழி அதட்டிவிட்டாளாம். "பூ வெச்ச தலைய ரெண்டு வருஷம் காக்க வெச்சது போதும்மா. எனக்கு வேணும்னா நானே பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழம பொடவ கட்டிக்கிட்டு தட்டத் தூக்கறது மட்டும் இனிமே கிடையாது." இதையும் எனக்குக் காளியப்பன்தான் சொன்னார். இப்போது அந்த வீட்டுச் செய்தி எனக்குக் கோயிலைச் சுற்றித்தான் வருகிறது. அக்காவும் தங்கச்சியும் ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். வழியில் மண்டபத்துக்கு எந்த நிறத் துணி கட்டுவது என்று கத்திச் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். பிறந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். என்னோடு பேசுவதில்லை.

பத்திரிகை அடித்து வந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தாமான் முழுக்க வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டைக் கூட்டி, நாற்காலிக்கு உறை மாற்றி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசைக்குப் போனார்கள். எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும், தாண்டித்தான் போனார்கள்.

நாலாவது வாரம் தபால்காரர் ஒரு உறையைக் கொடுத்தார். முத்திரை ஒட்டி, பட்டணத்துத் தபால் நிலையத்தில் போட்டு, அடுத்த வீட்டிலிருந்து எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகை. தேன்மொழியின் குண்டுக் கையெழுத்தில் என் முழுப் பெயர். உள்ளே, வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நிரப்பி அனுப்பும் சின்ன அட்டை இருந்தது. அதை நான்தான் நிரப்பவேண்டும். ஆனால் தேன்மொழி எனக்காக அவளே எழுதி வைத்திருந்தாள். ஒன்று.

நான் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல கோபம் வந்தது. எழுந்துபோய் அவள் கேட்டைத் தட்டி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று இருந்தது. என்ன கேட்பது? அவள் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. நான் ஒருத்திதானே.